புற்று: பழைய குறிப்புகளில் ஒரு நோய்ப்பெயர்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக் குடும்பங்களில் திதி நினைவுக்காக வீட்டுக் கணக்கு நோட்டுகளில் எழுதி வைக்கப்பட்ட இறந்தநாள் குறிப்புகளைப் படிப்பவர், 'காலில் புற்று' என்ற காரணத்தை எதிர்கொண்டால் அதை உடனே புற்றுநோய் என்று எடுத்துக்கொள்வார். பரம்பரையில் யாருக்கேனும் புற்றுநோய் இருந்ததா என்று மருத்துவர் கேட்கும்போது பூட்டனுக்கு இருந்ததாகச் சொல்லவும் செய்வார். அச்சொல்லின் இன்றைய பொருளைப் பழைய குறிப்பின்மேல் ஏற்றும் இந்த வாசிப்பு, கரிசலும் முள்ளும் நிறைந்த இந்த மானாவாரி நிலத்தைப் பொறுத்தவரை, ஐயத்துக்கு உரியது.

புற்று என்பதன் முதற்பொருள் கறையான் எழுப்பும் மண்மேடு. தெலுங்கில் புட்ட என்றும் கன்னடத்தில் ஹுத்த என்றும் வழங்கும் இதே சொல், அவ்விரு மொழிகளையும் வீட்டில் பேசும் குடிகள் வாழும் இப்பகுதியில் எவருக்கும் அந்நியமானதன்று. வெளியே மேடிட்டு, பல இடங்களில் கண் திறந்து, உள்ளுக்குள் ஒரு துளை மற்றொன்றோடு சேரும்படி புரையோடிய புண்ணுக்கு இப்பெயர் சென்றது வடிவத்தைக் கொண்டுதான். கன்னத்தில் வந்தால் கன்னப்புற்று, பெண்ணுறுப்பில் வந்தால் யோனிப்புற்று என்று உறுப்பின் பெயரை முன்னால் சேர்த்துச் சொன்னார்கள். வடமொழி மருத்துவத்திலும் இதற்கு இணை உண்டு: சுசுருத சங்கிதை சிறுநோய்களின் வரிசையில் கூறும் வன்மீகம், உள்ளங்கால், உள்ளங்கை, மூட்டு, கழுத்து ஆகிய இடங்களில் மெல்ல வளர்ந்து பல வாய் திறந்து கசியும் கட்டியாகும், வன்மீகம் என்றாலும் புற்றுதான். நோய்க்குக் காரணம் எது, அது எந்தத் திசுவில் பிறந்தது என்ற கேள்விகள் இப்பெயரிடலில் இல்லை; கண்ணுக்குத் தெரிந்த உருவமே பெயராயிற்று.

காலில் வரும் புற்றுக்கு இந்நாட்டில் ஒரு தனி வரலாறு உண்டு. செருப்பில்லாமல் காட்டுவேலை செய்பவரின் காலில் கருவேல முள்ளோ உடைமுள்ளோ ஏறுவது அன்றாட நிகழ்ச்சியாக இருந்தது. அதற்காகவே முள்வாங்கியை இடுப்பில் செருகிக்கொண்டு போவார்கள். முள் எடுத்த இடத்தில் எருக்கம்பால் வைப்பார்கள். முள்ளோடு மண்ணிலுள்ள நுண்ணுயிர் உள்ளே போய்விட்டால், மாதங்கள் கழித்து வலியில்லாத ஒரு முடிச்சு தோன்றும். அது ஆண்டுக்கணக்கில் பெருத்துப் பாதத்தை உருமாற்றி, பல துளைகளைத் திறந்து, அவற்றின் வழியே சீழோடு கடுகளவோ அதற்கும் சிறியனவோ ஆன மணிகளை வெளியேற்றும். மணிகள் கறுப்பாகவோ வெளுப்பாகவோ சிவப்பாகவோ இருக்கும். நோய் நாளடைவில் எலும்பையும் அரித்துவிடும் என்றாலும் வலி குறைவென்பதால், நோயாளி அந்தக் காலோடே நெடுநாள் உழுது களையெடுத்துக்கொண்டிருப்பார்.

இந்நோயை 1842இல் மதுரை மருத்துவசாலையில் இருந்த கில் என்னும் ஆங்கிலேய மருத்துவர் பதிவு செய்தார்; 1846இல் கோல்புரூக் அதற்கு 'மதுரைக்கால்' என்ற பெயரைத் தந்தார். பம்பாயில் பணியாற்றிய ஹென்றி வேன்டைக் கார்ட்டர் (கிரேயின் புகழ்பெற்ற உடற்கூற்று நூலுக்குப் படங்கள் வரைந்தவரும் இவரே) 1860 முதல் இதை ஆராய்ந்து, பூஞ்சையே காரணம் என்று கண்டு, மைசிடோமா என்று பெயரிட்டு, 1874இல் தனி நூலே எழுதினார். இங்கே மதுரை என்பதை நகரம் என்று மட்டும் கொள்ளக்கூடாது. இராமநாதபுரம் சமஸ்தானத்தைச் சேர்ந்த திருச்சுழிச் சீமை 1910 வரை மதுரை மாவட்டத்துக்குள் இருந்தது. அவ்வாண்டில் இராமநாதபுரம் மாவட்டம் பிரிந்தது. இன்றைய விருதுநகர் மாவட்டம் 1985இல்தான் உருவாயிற்று. ஒரே குடும்பத்தின் பதிவுகளை மூன்று மாவட்டப் பெயர்களின்கீழ் தேட வேண்டியிருப்பதற்கும் இதுவே காரணம்.

பிற்கால ஆய்வு, கார்ட்டர் ஒன்றெனக் கருதிய நோயை இரண்டாகப் பிரித்தது: ஒன்று பூஞ்சையால் வருவது, மற்றது இழை வடிவப் பாக்டீரியாவால் வருவது. கறுப்பு மணி தரும் பூஞ்சை ஒன்றின் பெயர் மதுரெல்லா, வெளுப்பு மணி தரும் பாக்டீரியா ஒன்றின் பெயர் ஆக்டினோமதுரா. இரண்டிலும் மதுரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. பாக்டீரியா வகை மருந்துக்குப் பெரும்பாலும் கட்டுப்படும்; பூஞ்சை வகை பிடிவாதமானது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரண்டுக்கும் கைகண்ட சிகிச்சையாக இருந்தது காலை எடுத்துவிடுவதுதான். உலக சுகாதார நிறுவனம் 2016இல்தான் இதைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. அத்தனை காலம் ஆனதற்கு, இது ஏழைக் குடியானவரின் காலைப் பிடிக்கும் நோய் என்பதைத் தவிர வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

கிரேக்கர் நண்டின் பெயரால் அழைத்த நோய்க்குத் தமிழில் புற்று என்ற சொல்லே அமைந்தது. 1954இல் செயல்படத் தொடங்கிய அடையாறு மருத்துவமனை போன்ற நிறுவனங்களாலும் செய்தித்தாள்களாலும் 'புற்றுநோய்' வீடுதோறும் பரவியபின், அச்சொல்லின் பழைய அகன்ற பொருள் பின்னுக்குப் போயிற்று. 1899ஆம் ஆண்டுச் சென்னை மாகாணச் சட்டத்தின்கீழ் எழுதப்பட்ட பிறப்பு இறப்புப் பதிவேடுகளும் பழைய குறிப்பு எந்த நோயைச் சொல்கிறது என்று அறியப் பெரிதாக உதவா. அவற்றை எழுதிய கிராம முன்சீப்பு மருத்துவரல்லர், காலரா, வைசூரி, காய்ச்சல் போன்ற தலைப்புகளில் அடங்காதவை 'இதர காரணம்' என்ற குவியலில் போய்ச் சேர்ந்தன. ஆகவே வீட்டுக் குறிப்பையே நுணுகிப் பார்க்க வேண்டும்.

கன்னப்புற்று என்றிருந்து, ஓரிரு ஆண்டுகளில் மரணம் நேர்ந்திருந்தால், வெற்றிலையும் புகையிலையும் புழங்கிய ஊரில் அது இன்றைய பொருளிலும் புற்றுநோயாகவே இருந்திருக்கக்கூடும். முதுகில் பல கண் விட்டு விரைவில் உயிர் பறித்த புண்ணைப் பழையவர்கள் ராஜபிளவை என்றே எழுதுவார்கள். அதன் பின்னால் நீரிழிவு இருந்திருக்கலாம். துளையோ மணியோ இல்லாமல் கால் முழுவதும் தடித்தது ஆனைக்கால். காலில் புற்று என்று எழுதப்பட்டவர் அந்நோய் கண்டபின் பத்து, பதினைந்து ஆண்டுகள் வாழ்ந்தார், நிலப் பத்திரங்களில் ரேகை வைத்தார், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்தார் என்று மற்ற ஆவணங்கள் காட்டுமானால், மதுரைக்கால் என்ற முடிவு வலுப்பெறும். அது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவதுமில்லை, தலைமுறை தாண்டி இறங்குவதாகக் கருதப்படுவதுமில்லை. ஆயினும் உள்ளங்காலில் கறுத்து வளரும் உண்மையான தோல் புற்றுநோயும் உண்டு என்பதால், ஆண்டுக்கணக்கு தெரியாத குறிப்பை வைத்துக்கொண்டு எப்பக்கமும் உறுதி சொல்ல இயலாது.