மெஷ் வைஃபை: கம்பி போகாத இடத்தின் கதை

"ஹால்ல வைஃபை பிச்சுக்கிட்டு வருது, பெட்ரூம்ல ஒரு கோடுகூட இல்ல. மெஷ் வாங்கிடலாமா சார்?" வெளிமாநிலத்தில் நம்மாட்கள் நாலு பேர் கூடினால் இப்போது இதுதான் பேச்சு. ஊரிலிருக்கும் அம்மாவின் முகம் வீடியோ காலில் பாதியில் உறைந்து நின்றால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? சரி, வாங்கும் முன் இந்த மெஷ்ஷின் பூர்வீகத்தைப் பார்த்துவிடுவோம். கடன் கொடுக்கும் முன் பழைய கணக்கைப் புரட்டுவது வங்கிக்காரன் புத்தி :-)

1971-ல் ஹவாய் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் குழுவினர், தீவுகளுக்கு நடுவே கம்பி இழுக்காமல் ரேடியோ வழியாகக் கணினியை எட்டினார்கள். அதன் பெயர் அலோஹாநெட். 1985-ல் அமெரிக்கா 2.4 கிகாஹெர்ட்ஸ் உள்ளிட்ட சில அலைவரிசைகளுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்றது. 1997-ல் 802.11 தரம் வந்தது, வேகம் வெறும் 2 எம்பிபிஎஸ். 1999-ல் அது 11 ஆனது. வைஃபை என்ற பெயரும் அந்த வருடம்தான்.

நம் நாட்டில் 2005 ஜனவரியில் கட்டடத்துக்கு வெளியேயும் லைசென்ஸ் இல்லாமல் வைஃபை பயன்படுத்த வழி பிறந்தது. அடுத்த மாதமே தரம்சாலாவில் மெஷ் கிளம்பிவிட்டது! மலைச்சரிவில் சிதறிக் கிடந்த 8 வளாகங்களை, ரவுட்டருக்கு ரவுட்டர் கைமாற்றிவிட்டே இணைத்தார்கள். ஏர்ஜல்தி என்ற அமைப்பின் தொடக்கம் இதுதான். எம்ஐடி மாணவர்கள் மொட்டைமாடிகளில் நடத்திய ரூஃப்நெட் சோதனையிலிருந்து 2006-ல் மெராக்கி கம்பெனி முளைத்தது. 2012-ல் சிஸ்கோ அதை 120 கோடி டாலருக்கு வாங்கியது. 2016-ல் ஈரோ, கூகுள் வைஃபை என்று மெஷ் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது.

ஆக, கம்பி இழுக்க முடியாத, அல்லது கட்டுப்படியாகாத இடத்துக்காகப் பிறந்தது மெஷ். கைமாற்றுக்குக் கமிஷன் உண்டு. ஒரே ரேடியோ வாங்கவும் கொடுக்கவும் செய்தால், ஒவ்வொரு தாவலிலும் வேகம் ஏறக்குறையப் பாதியாகும்.

இதை வைத்து நம் வீட்டைப் பார்ப்போம். இரண்டு படுக்கையறை ஃப்ளாட் என்றால் முதலில் ரவுட்டரை மூலையிலிருந்து நடுவீட்டுக்கு நகர்த்துங்கள். பைசா செலவில்லை. அதற்கும் சரிவரவில்லை, ஆனால் சுவரில் லேன் பாயின்ட் இருக்கிறது என்றால் இரண்டாவது பெட்டியைக் கம்பியிலேயே இணையுங்கள். வீட்டுக்காரர் ஆணியடிக்கவே விடமாட்டார் என்றால்தான் கம்பியில்லா மெஷ். அதிலும் ட்ரைபேண்டாக, பெட்டிகள் தமக்குள் பேசிக்கொள்ளத் தனி பேண்ட் ஒதுக்குவதாகப் பார்த்து வாங்குங்கள். இரண்டாவது பெட்டியை சிக்னல் செத்த அறையில் வைக்காதீர்கள், பாதி வழியில் வையுங்கள். தனக்கே கிடைக்காததை அது எப்படிக் கொடுக்கும்?

இன்னொரு வசதி: மாற்றல் ஆர்டர் வந்தால் மெஷ்ஷைக் கழற்றி மூட்டை கட்டிவிடலாம். சுவருக்குள் இழுத்த கம்பி வீட்டுக்காரருக்குத்தான்!