சவாரிக்குத் தடை, மீட்புக்கு அழைப்பு

2011 டிசம்பர் 25. கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் பழவேற்காடு வந்த உறவினர் கூட்டம் ஒன்று மீன்பிடிப் படகில் சவாரி போனது. படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். தேடுதலில் உள்ளூர் மீனவர்களும் இறங்கினார்கள். பிறகு சவாரிக்குத் தடை வந்தது. தடை நியாயம்தான், 22 உயிர் என்பது சின்ன விஷயமா?

ஆனால் ஏரியை அறிந்தவர்கள் யார்? கோட்டைக்குப்பத்தில் 'பாடு' முறை உண்டு. யார், எந்த நாளில், எந்த இடத்தில் வலை போடுவது என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். ஆழமும் மணல்திட்டும் அவர்களுக்கு மனப்பாடம். இந்த அறிவு எந்த மீட்புக் குழுவின் கையேட்டிலும் இருக்காது.

2015 சென்னை வெள்ளத்தில் தெருவுக்குள் வந்ததும் மீனவர் படகுகள்தான். 2018-இல் கேரள மீனவர்கள் 669 படகுகளில் சுமார் 65,000 பேரை மீட்டதாக அந்த அரசு சொன்னது. படகுக்கு நாளொன்றுக்கு 3,000 ரூபாயும், சேதமான படகுகளுக்குப் பழுதுச் செலவும் அறிவித்தது. அந்தக் கூலியை வேண்டாமென்ற மீனவர்களும் உண்டு.