தேயிலைக்கு வந்த விஞ்ஞானம்

கடல் மட்டத்திலிருந்து 1,897 மீற்றர் உயரத்தில் நிற்கிறது பட்டிப்பொல. இலங்கையின் புகையிரத நிலையங்களுள் இதுவே மிக உயர்ந்தது. 1885இல் நானு ஓயாவுக்கு வந்து சேர்ந்த இருப்புப் பாதை, இவ்வழியே ஏறி 1893இல் அப்புத்தளையை அடைந்தது. சாய்வையும் வளைவையும் அளந்து, பாறையைக் குடைந்து இப்பாதையைச் சமைத்தவை கணிதமும் விஞ்ஞானமும் அன்றோ? அவை எவருக்காக இம்மலை ஏறின என்பதே நம் வினா.

வரலாற்றின் விடை தெளிவானது. சிங்கோனாப் பயிருக்காக 1861இல் ஹக்கலையில் தாவரவியற் பூங்கா தோன்றியது. 1869இல் கோப்பிச் செடியை இலைத்துரு நோய் பற்றியது. அதனை ஆராய 1880இல் மார்ஷல் வார்ட் என்னும் இளம் விஞ்ஞானி இங்கிலாந்திலிருந்து வந்தார். கோப்பி அழிந்து தேயிலை தழைத்தபின், 1925இல் தேயிலை ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பெற்று, பின்னர் தலவாக்கலையில் நிலைகொண்டது. செடி நோயுற்றால் நுணுக்குக்காட்டி வந்தது. மண் மெலிந்தால் இரசாயனப் பரிசோதனை வந்தது.

அச்செடியில் கொழுந்து பறித்தவளின் மகளுக்கு வந்தது என்ன? 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம், 6 முதல் 10 வயது வரையிலான தோட்டப் பிள்ளைகளுக்குக் கல்வியளிக்கும்படி நிர்வாகங்களைப் பணித்தது. அதன்பின்? தம்பி தங்கையரைக் காக்கும் வேலை. பிறகு முதுகிலே கூடை. 1945இல் நாட்டுக்கு இலவசக் கல்வி கிட்டியது. 1948இல் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. தோட்டப் பாடசாலைகளை அரசு பரவலாகப் பொறுப்பேற்றது 1970களின் பிற்பகுதியிலேதான்.

கணக்கு இம்மகளுக்குப் புதிதா? கொழுந்து மடுவத்தில் நாள்தோறும் தராசின்முன் நின்றவள் அவள் தாய். ஈரத்துக்கும் கூடைக்கும் எவ்வளவு கழிவு, எத்தனை இறாத்தல் குறைந்தால் அரைப்பேர் என்பவை அவள் வயிற்றோடு பிணைந்த எண்கள். ஆயினும் தராசைப் பிடித்ததும் செக்ரோலில் எழுதியதும் ஆணின் கையே. தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம சம்பளம் வந்தது 1984இல். பெண்ணுக்குக் கணக்கு வராது என்போர், கணக்கு அவளுக்கு எட்டாமல் வைக்கப்பட்ட கதையை மறந்துவிடுகின்றனர்.

கடல் கடந்தும் ஒரு மலையை நோக்குவோம். அன்றைய திருவிதாங்கூரைச் சேர்ந்த பீர்மேடும் தோட்டங்கள் சூழ்ந்த ஊரே. அங்கு 1918இல் பிறந்த அன்னா மணி, சென்னை மாநிலக் கல்லூரியில் பௌதிகம் பயின்று, பெங்களூரில் சி. வி. ராமனின் ஆய்வுகூடத்தில் வைரத்தின் ஒளியியல்பை ஆராய்ந்தார். முதுகலைப் பட்டம் இல்லையென்று அவருக்குக் கலாநிதிப் பட்டம் மறுக்கப்பட்டது. அவர் தளரவில்லை; 1948இல் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்து, மழையையும் வெயிலையும் காற்றையும் அளக்கும் கருவிகளை உள்நாட்டிலேயே செய்வித்தார். மூடுபனியிலே பாடசாலைக்கு நடக்கும் பட்டிப்பொலச் சிறுமிக்கு இவரினும் அணுக்கமான முன்னோடி உண்டோ?

எனினும் ஓர் உண்மையை மறைத்தல் ஆகாது. அன்னா மணியின் தந்தை ஏலத் தோட்டங்களின் உடைமையாளர். எட்டாவது பிறந்தநாளில் வைரத்தோடு வேண்டாம், கலைக்களஞ்சியம் வேண்டும் என்று கேட்க அச்சிறுமியால் இயன்றது. அதே மலையில் கூலிக்கு உழைத்தவளின் மகள் எதை மறுத்து எதைக் கேட்பாள்?

ஆகவே, பெண்ணே படி என்று மேடையில் முழங்குவது மட்டும் ஊக்கமாகாது. உயர்தரத்தில் விஞ்ஞான, கணிதப் பிரிவுகளை நடத்தும் தமிழ்ப் பாடசாலைகள் மலையகத்தில் மிகச் சில. தொலைவிலுள்ள நகருக்கு மகளைத் தனியே அனுப்பப் பெற்றோர் அஞ்சுகின்றனர். அவள் அருகிலுள்ள பாடசாலையின் கலைப்பிரிவில் அமர்கிறாள். அதை அவளது விருப்பம் என்று நாம் எழுதிக்கொள்கிறோம். விஞ்ஞான ஆசிரியர், ஆய்வுகூடம், நம்பித் தங்கவிடத்தக்க விடுதி ஆகிய மூன்றையும் முதலில் அளிப்போம். அதன்பின் அவள் விருப்பத்தைக் கேட்போம்.

ஒரு செடிக்காக நூறாண்டுக்கு முன்பே இம்மலையில் ஆய்வுகூடம் எழுந்தது. அச்செடியைக் காத்த பெண்களின் மகள்கள் இன்னும் எத்தனை காலம் காத்திருப்பது?