ஐட்லிங்கில் உதறிய கார்: கடப்பாக்கத்தில் கொஞ்சம் பெட்ரோல் வரலாறு

பொங்கல் லீவில் அப்பாவைக் கூட்டிக்கொண்டு ஆலம்பரைக் கோட்டை பார்க்கக் கிளம்பினேன். 1750-இல் டூப்ளே கைக்கு வந்து, 1760-இல் ஆங்கிலேயரால் இடிக்கப்பட்ட கோட்டை. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு வந்திருக்க வேண்டும். கடப்பாக்கத்தில் கோட்டைக்குத் திரும்பும் இடத்தில் வண்டி நின்றுபோனதால் கதை மாறிவிட்டது.

வண்டி 1992 மாடல். கம்பெனி பெயர் வேண்டாம். கார்புரேட்டர் வைத்த நாலு சிலிண்டர் பெட்ரோல் கார். அறுபதில் போனால் ஒரு குறையும் கிடையாது. நிறுத்தினால்தான் வம்பு. ஐட்லிங்கில் குளிர் ஜுரம் வந்த மாதிரி உதறும், ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் ஆஃப் ஆகிவிடும். இரண்டு வருஷமாக இதே கதை. ஆர்.சி. புதுப்பிக்கும் நேரம் வருவதற்குள் காயலான் கடையில் போட்டுவிடலாம் என்று வீட்டில் கிட்டத்தட்ட முடிவே செய்திருந்தோம். அப்பா மட்டும் அதற்குப் பதில் சொல்லவே இல்லை.

என்ன கோளாறு என்று எனக்கு ஒரு தியரி இருந்தது. வரலாறு படிக்கிறவனுக்குப் பெரிய காரணம் என்றால் தனிப் பிரியம். என் தியரி: குற்றவாளி எத்தனால்.

இன்ஜின் பெட்ரோலைக் குடிப்பதில்லை. பெட்ரோல் கலந்த காற்றை மூச்சாக இழுக்கிறது. ஒரு கிலோ பெட்ரோல் முழுசாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். இந்தக் கலவையைச் செய்வதுதான் கார்புரேட்டர் வேலை. 1893 வாக்கில் ஜெர்மனியில் மைபாக்கும், ஹங்கேரியில் பாங்கி, சோங்கா என்ற இருவரும் தனித்தனியாக இன்றைய வடிவத்தை எட்டினார்கள். அடுத்த நூறு வருஷத்துக்கு உலகம் ஓடியது அந்தச் சின்ன உலோகப் பாத்திரத்தை நம்பித்தான்.

அந்தக் கதையில் நம்ம பக்கத்துக்கும் பங்கு உண்டு. செங்கல்பட்டு ஜில்லாவில் கார் தொழில் என்றால் 1999-இல் வந்த ஃபோர்டு ஆலைதான் பலருக்கு ஞாபகம் வரும். ஆனால் 1948-இல் தொடங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி, வண்டலூர் பக்கத்தில் ஹெரால்டும் கெஸலும் செய்துகொண்டிருந்தது. அதே மறைமலை நகரில் ஜப்பானின் மிகுனியோடு சேர்ந்து கார்புரேட்டர் செய்வதற்காக யூகால், 1985-இல் உருவானது. ஃபோர்டும் போய்விட்டது, புதுக் கார்களில் கார்புரேட்டரும் இல்லை. 2000-க்குப் பிறகு மாசு விதிகள் இறுக இறுக, சென்சார் வைத்த ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

கார்புரேட்டர் அப்படியே இருக்க, அதற்குள் ஊற்றும் பெட்ரோல் மாறிக்கொண்டே வந்தது. 1921-இல் அமெரிக்காவில் மிட்ஜ்லி, இன்ஜின் 'நாக்' அடிக்காமல் இருக்க ஈயம் சேர்க்கலாம் என்று கண்டுபிடித்தார். அந்த விஷம் உலகம் முழுக்கப் புகையாகப் போனது. சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் ஈயமில்லா பெட்ரோல் வந்தது 1995 ஏப்ரலில். நாடு முழுக்க ஈயம் ஒழிந்தது 2000 பிப்ரவரியில். கடைசி நாடான அல்ஜீரியா நிறுத்தியது 2021-இல்.

ஈயம் போன இடத்துக்கு எத்தனால் வந்தது. 2003-இல் சில மாநிலங்களில் 5 சதவீதம், 2022-இல் 10 சதவீதம், 2023-இல் இ-20 அறிமுகம், 2025-இல் அதுவே எங்கும். எத்தனால் தன்னோடு ஆக்சிஜனையும் கொண்டுவருவதால் அதற்கு ஒன்பது பங்கு காற்றே போதும். சென்சார் உள்ள கார் இதைப் புரிந்துகொண்டு பெட்ரோலைக் கூட்டிக்கொள்ளும். கார்புரேட்டருக்குக் கண்ணும் இல்லை, மூக்கும் இல்லை. பழைய அளவிலேயே ஊற்றும், கலவையில் காற்று மிஞ்சிவிடும். பழைய ரப்பர் ஓஸ்களையும் எத்தனால் கெடுக்கும். ஆக, இ-20-தான் காரணம் என்று முடிவு கட்டியிருந்தேன்.

டீக்கடைக்காரர் காட்டிய ஷெட்டில் அறுபது வயது மெக்கானிக் அண்ணன் ஒருத்தர் இருந்தார். என் எத்தனால் பிரசங்கத்தைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இருக்கலாம் தம்பி. மொதல்ல பாத்துருவோம்" என்றார்.

வண்டியை ஓடவிட்டு பிளக் ஒயரை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். நாலிலும் இன்ஜின் ஒரே மாதிரி தொய்ந்தது. "ஒரு சிலிண்டர் மட்டும் மிஸ்ஸிங் இல்ல. நாலுக்கும் பொதுவான கோளாறு." அடுத்து சோக்கைக் கொஞ்சம் இழுத்தார். உதறல் பாதி குறைந்தது. "பெட்ரோல் சேத்தா சரியாவுது. அப்ப எங்கயோ காத்து அதிகமா போவுது." அப்போது எனக்கு உள்ளுக்குள் வெற்றிப் புன்னகை. என் தியரியும் அதைத்தானே சொல்கிறது?

அவர் திரும்பி, முன் சீட்டில் இருந்த அப்பாவிடம் கேட்டார்: "ஐயா, பிரேக் எப்படி இருக்கு?"

"கல்லு மாதிரி இருக்குப்பா. ஒரு வருஷமா சொல்றேன், யாரு கேக்குறா?"

அண்ணன் பிளையரை எடுத்து, இன்ஜினிலிருந்து பிரேக் பூஸ்டருக்குப் போகும் தடித்த ரப்பர் ஓஸை நெரித்தார். அவ்வளவுதான். உதறல் நின்று வண்டி சீராக ஓடியது. ஓஸைக் கழற்றி அடிப்பக்கத்தைக் காட்டினார். விரல் நீளத்துக்கு வெடிப்பு. அதில் பெட்ரோல் ஓடுவதே இல்லை; முப்பது வருஷ இன்ஜின் சூட்டில் பிளந்தது. எத்தனாலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

விஷயம் இதுதான். ஐட்லிங்கில் த்ராட்டில் கிட்டத்தட்ட மூடியிருக்கும். உள்ளே உறிஞ்சும் விசை அப்போதுதான் அதிகம், உள்ளே போகும் காற்றோ மிகக் குறைவு. அந்த நேரத்தில் சின்ன வெடிப்பு வழியாக வரும் காற்றுகூடப் பெரிய பங்கு. வேகமாகப் போகும்போது வரும் காற்றோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. பிரேக் மிதிக்க உதவுவதும் இதே உறிஞ்சும் விசைதான். அது ஒழுகினால் பெடல் கல்லாகிவிடும். ஐட்லிங் உதறலும் கல் பிரேக்கும் ஒரே கோளாறின் இரண்டு முகங்கள்.

இங்கேதான் எனக்கு முகம் சுண்டிப்போனது. எட்டு மாதத்துக்கு முன்னால் அப்பா ஒரு சிக்னலில் நிறுத்த முடியாமல் முன் வண்டியை லேசாகத் தட்டிவிட்டார். காலில் பலமில்லை, வயசாச்சு என்று நாங்களே சாவியை வாங்கி வைத்துவிட்டோம். அவர் பிரேக்கைச் சொன்னார். நாங்கள் அவர் வயதைப் பார்த்தோம். மற்றவர்கள் எழுதும் வரலாற்றில் நேரில் பார்த்தவர் சாட்சியத்தை ஒதுக்கியிருந்தால் பக்கம் பக்கமாகத் திட்டுகிற ஆள் நான்.

புது ஓஸ், இரண்டு கிளிப். பைலட் ஜெட்டைக் கழற்றிக் காற்றடித்து, மிக்ஸ்சர் ஸ்குரூவைத் திருகி, காதாலேயே ஐட்லிங் வைத்தார். பெட்ரோல் ஓஸ் நொந்திருந்தது, அதையும் மாற்றினார். "இது வேணா உங்க எத்தனால் வேலையா இருக்கலாம்" என்று எனக்கு ஆறுதல் பரிசு.

உங்கள் வீட்டுப் பழைய வண்டியும் ஐட்லிங்கில் உதறி, பிரேக்கும் இறுக்கமாக இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். முதலில் அந்த ஓஸைப் பாருங்கள். அதற்கு முன்னால், ஓட்டுகிறவர் என்ன சொல்கிறார் என்று கேளுங்கள்.

கோட்டையை அன்று பார்க்கவில்லை, இருட்டிவிட்டது. ஷெட் வாசலிலேயே அப்பா பிரேக்கை நாலைந்து தடவை மிதித்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. நான் சாவியை நீட்டினேன். மாமல்லபுரம் வரை அவர்தான் ஓட்டினார்.