கிரெசிப் போரின் குறுக்குவில் வீரர்கள்: சிற்றுருவங்களுக்கு வண்ணம் தீட்டுதல்

வரலாற்றுப் போர் விளையாட்டு என்பது பழைய போர்களைச் சிறிய வீரர் உருவங்களைக் கொண்டு, விதிகளுக்கும் பகடைகளுக்கும் உட்பட்டு, மேசைமீது மீண்டும் நடத்திப் பார்க்கும் பொழுதுபோக்கு ஆகும். பிரஷ்ய இராணுவம் 1824 முதல் தன் அதிகாரிகளின் பயிற்சிக்குப் பயன்படுத்திய ‘கிரீக்ஸ்பீல்’ ஆட்டம் இதன் ஒரு வேர். எச். ஜி. வெல்ஸ் 1913இல் வெளியிட்ட ‘லிட்டில் வார்ஸ்’ நூல் மற்றொரு வேர். இன்று இடைக்காலப் போர்களுக்குப் பரவலாகப் பயன்படுபவை 28 மில்லிமீட்டர் அளவு உருவங்கள். பெரும்பாலும் இவை வண்ணமின்றியே விற்கப்படுகின்றன. வண்ணம் தீட்டுவது வாங்கியவரின் வேலை. அந்த வீரன் எந்த ஆண்டைச் சேர்ந்தவன், அவன் உடுப்புக்கு எந்தச் சாயம் கிடைத்திருக்கும் என்ற கேள்விகள் அப்போது எழுகின்றன. கிரெசிப் போரில் பங்கேற்ற ஜெனோவா குறுக்குவில் வீரர்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

போரும் பழியும்

இத்தாலியக் கடல் வணிக நகரமான ஜெனோவா, குறுக்குவில்லில் தேர்ந்த கூலிப்படையினருக்குப் பெயர்பெற்றது. கிறித்தவர்களுக்கு எதிராக இந்த ஆயுதத்தைப் பயன்படுத்தக் கூடாது என்று 1139இல் இரண்டாம் இலாத்தரன் சங்கம் தடை விதித்திருந்தது. அரசர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. பிரெஞ்சு மன்னர் ஆறாம் பிலிப் அமர்த்திய ஜெனோவா வீரர்கள், 26 ஆகஸ்ட் 1346 அன்று வட பிரான்சின் கிரெசியில் மூன்றாம் எட்வர்டின் ஆங்கிலப் படைக்கு எதிராக முன்வரிசையில் நிறுத்தப்பட்டனர். அவர்கள் 15,000 பேர் என்கிறார் புரோயிசார்ட். 6,000 பேர் என்கிறார் போர் நடந்து இரண்டே ஆண்டுகளில் இறந்துபோன புளோரன்சு நகர வரலாற்றாளர் வில்லானி. புரோயிசார்ட் போரின்போது சிறுவர். எண்களைப் பெருக்கும் வழக்கமும் அவரிடம் உண்டு. இந்த இடத்தில் வில்லானியே நம்பத்தக்கவர்.

குறுக்குவில்லின் நாணை மீண்டும் இழுத்துப் பூட்ட நேரமாகும். அதற்குள் ஆங்கில நெடுவில்லாளர் பல அம்புகளை எய்துவிடுவார். அந்த இடைவெளியில் வீரனைக் காப்பது ‘பாவிஸ்’ எனப்படும் பெரிய மரக்கேடயம். கிரெசியில் அக்கேடயங்கள் பின்னால் வந்த பாரவண்டிகளில் இருந்தன. நெடும் நடைக்குப் பின், மாலையில், மழைக்குப் பின், மறைவின்றி முன்னேறிய ஜெனோவாக்காரர்கள் அம்புமழையில் நிலைகுலைந்து பின்வாங்கினர். பிரெஞ்சுக் குதிரை வீரர்கள் அவர்களைத் துரோகிகள் எனக் கருதி, தம் பக்கத்து வீரர்கள் மீதே குதிரைகளை ஓட்டிச் சென்றனர். கோழைகள் என்ற பெயர் நெடுங்காலம் நிலைத்தது.

ஓவியம் தரும் மயக்கம்

வண்ணம் தீட்டுவோர் முதலில் தேடிச் செல்வது பிரான்சு தேசிய நூலகத்திலுள்ள புரோயிசார்ட் கையெழுத்துப் படியின் கிரெசி ஓவியத்தைத்தான். பளபளக்கும் கவசம், அழகான வண்ணங்கள், உருளையைச் சுற்றி நாணை இழுக்கும் வீரன் என எல்லாம் தெளிவாக உள்ளன. ஆனால் அப்படி புரூஜ் நகரில் 1470களில் உருவானது. போருக்கும் அதற்கும் இடையே ஏறத்தாழ 125 ஆண்டுகள். ஓவியர் தம் காலத்து வீரர்களையே வரைந்திருக்கிறார். (‘மினியேச்சர்’ என்ற சொல்லே இத்தகைய நூல் ஓவியங்களுக்குப் பயன்பட்ட ‘மினியம்’ என்னும் செவ்வீயச் சாயத்திலிருந்து வந்தது. சிற்றுருவங்களுக்கு அது பின்னரே பெயரானது.)

ஆகவே 1346க்கு உரிய உருவத்தைத் தேர்ந்தெடுக்கும்போது உருளைப் பொறியைத் தவிர்ப்பது நல்லது. வில்லின் முனையிலுள்ள வளையத்தில் காலை வைத்து, இடைக்கச்சைக் கொக்கியால் நாணை இழுப்பதே பொருத்தமான நிலை. வில்லின் வளைவுக்கு எஃகின் சாம்பல் நிறம் தீட்டுவதும் பரவலான பிழை. அக்கால வில் பெரும்பாலும் கொம்பு, தசைநார், மரம் ஆகியவற்றை ஒட்டிச் செய்து, ஈரம் புகாதபடி மேலே உறையிட்டது. பழுப்பும் மங்கிய மஞ்சளுமே அதற்குப் பொருந்தும்.

சாயங்களும் தூரிகையும்

எல்லோருக்கும் ஒரே சீருடை தீட்டினால் வரிசை அழகாக இருக்கும். ஆனால் கூலிப்படையினர் அப்படி உடுத்தியிருக்க வாய்ப்புக் குறைவு. ஐரோப்பாவில் எளிதில் கிடைத்த சாயங்கள் சில: செம்மைக்கு மேடர் வேர் (நம் மஞ்சிட்டியின் உறவுச் செடி), நீலத்துக்கு வோட் இலை, மஞ்சளுக்கு வெல்ட் செடி. வோட் தருவது அவுரி தரும் அதே நீலச் சாயப்பொருள்தான், அளவில்தான் குறைவு. நீலத்தின் மேல் மஞ்சள் ஏற்றினால் பச்சை. ஆழ்ந்த கருப்பும் ஒளிரும் கருஞ்சிவப்பும் செல்வர்க்கு உரியவை. எனவே செங்கல் சிவப்பு, வெளிறிய நீலம், சாயமேற்றாத கம்பளியின் சாம்பல் ஆகியவற்றைக் கலந்து பயன்படுத்தலாம். பஞ்சு அடைத்துத் தைத்த அங்கிக்குத் துணியின் இயல்பான வெளிர் நிறம் போதும். நீர்த்த பழுப்பு வண்ணத்தை அதன்மேல் ஓடவிட்டால் தையல் மடிப்புகள் தாமே தெரியும். வளையக் கவசத்துக்கு முதலில் கருப்பு, உலர்ந்தபின் ஏறக்குறைய காய்ந்த தூரிகையில் சிறிது வெள்ளி.

பாவிஸ் கேடயந்தான் தூரிகை பிடிப்பவரை மிகவும் ஈர்க்கும் பகுதி. துணி ஒட்டி, வெண்சுண்ணப் பூச்சு இட்டு, மேலே ஓவியம் தீட்டிய பிற்காலக் கேடயங்கள் அருங்காட்சியகங்களில் உள்ளன. ஜெனோவாவின் வெள்ளைமேல் செஞ்சிலுவையை வரைவதும் எளிது. ஆயினும் கிரெசி மேசையில் ஒவ்வொரு வீரனுக்கு முன்னும் கேடயத்தை நட்டுவிட்டால், அவர்கள் ஏன் பின்வாங்கினர் என்பதன் முக்கியக் காரணமே பார்வையாளர் கண்ணிலிருந்து மறைந்துவிடும். அவர்கள்மேல் விழுந்த பழி மட்டும் மிஞ்சும். தீட்டிய கேடயங்களை வீணாக்க வேண்டியதில்லை. ஒரு பாரவண்டி செய்து, அவற்றை அதில் அடுக்கி, பிரெஞ்சு வரிசைக்கு வெகு பின்னால், மேசையின் விளிம்பில் நிறுத்தலாம்.