இரண்டு இடாப்புகள்: ஊவாத் தோட்டங்களிற் பள்ளியும் கூலியும்

கல்வியைத் தொடர்வதா, கைக்கெட்டிய ஊதியத்தை ஏற்பதா என்னும் வினா இளமையின் வாயிலில் நிற்போர் பலரையும் எதிர்கொள்வதாகும். ஐக்கிய அமெரிக்காவில் அது கூடைப்பந்து விளையாட்டை ஒட்டி ஒரு பெரும் வழக்காகவே எழுந்தது. உயர்நிலைப் பள்ளியை முடித்து நான்கு ஆண்டுகள் கழியாத எவரையும் தொழில்முறைக் குழுவிற் சேர்த்தலாகாது என்றிருந்த விதியை ஸ்பென்சர் ஹேவுட் என்னும் வீரர் எதிர்த்தார். 1971 இல் உச்ச நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்த்தது. பட்டப்படிப்பை முடித்தபின் ஆடுக என்போரும், வாய்ப்பு வந்தபோதே பற்றுக என்போரும் இன்றளவும் அங்கு வாதிட்டு வருகின்றனர்.

பதுளை மாவட்டத்துத் தேயிலைத் தோட்டங்களில் இதே வினா ஒரு நூற்றாண்டுக்கு மேலாக எழுந்துள்ளது. ஆயின் அங்கு வினாவை எதிர்கொண்டவன் வளர்ந்த இளைஞன். அவன் முன் இருந்தது பெருஞ்செல்வம். இங்கு எதிர்கொண்டது பத்து வயதுப் பிள்ளை. அதன் முன் இருந்தவை சில சதங்கள்.

தோட்டத்து வழக்கில் 'பேர்' என்னும் சொல்லுக்குத் தனிப்பொருள் உண்டு. ஒரு நாள் வேலைக்குரிய சம்பளமே பேர் எனப்படும். முழுநாள் உழைத்தார்க்கு முழுப்பேர்; குறைந்தார்க்கு அரைப்பேர். தொழிலாளியாகச் செக்ரோலிற் சேர்தல் 'பேர் பதிதல்' ஆகும். பள்ளியிலும் பிள்ளையின் பெயர் ஓர் இடாப்பில் எழுதப்படுகின்றது. பள்ளி இடாப்பிலிருந்து செக்ரோலுக்குப் பெயர் மாறிய கதையே ஊவாத் தோட்டக் கல்வியின் வரலாற்றிற் பெரும்பகுதி எனலாம்.

1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பிப் பயிரை அழித்தபின் மலைநாடெங்கும் தேயிலை பரவியது. 1886 இல் ஊவா தனி மாகாணமாயிற்று. 1890 இல் தோமஸ் லிப்டன் அப்புத்தளைக்கு அண்மையிலுள்ள தம்பேதென்னைத் தோட்டத்தை வாங்கினார். 1894 இல் புகையிரதப் பாதை பண்டாரவளையை எட்டி, 1924 இற் பதுளையை அடைந்தது. கோப்பி பருவகால உழைப்பையே பெரிதும் வேண்டியது. தேயிலையோ ஆண்டு முழுவதும் குடும்பத்தின் உழைப்பை வேண்டியது. பெண்கள் கொழுந்தெடுத்தனர், ஆண்கள் கவ்வாத்து வெட்டினர், சிறுவர் புல் வெட்டினர். தென்னிந்தியாவிலிருந்து கங்காணியின் முற்பணத்தில் வந்த குடும்பம் கடனோடுதான் லயத்திற் குடியேறிற்று. அக்கடனை ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்குத் தொடரச் செய்த துண்டு முறை 1921 இலேயே ஒழிக்கப்பட்டது. பிள்ளையின் உழைப்பும் அக்கடனைத் தீர்க்கும் உழைப்பாகவே இருந்தமை மனங்கொளத்தக்கது.

அரசின் சட்டங்களோ ஒன்றுக்கொன்று முரண்பட்ட இரு திசைகளைக் காட்டின. 1907 ஆம் ஆண்டு நாட்டுப்புறப் பாடசாலைச் சட்டமும், அதன்பின் வந்த 1920 ஆம் ஆண்டுக் கல்விக் கட்டளைச் சட்டமும் தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் கடப்பாட்டைத் துரைமார் மீது சுமத்தின. ஆயின் அக்கடப்பாடு ஆறு முதற் பத்து வயது வரையே. தோட்டத்துக்கு வெளியே வாழ்ந்த சிறுவருக்கு அந்த எல்லை பதினான்காக இருந்தது. 1927 ஆம் ஆண்டு ஆகக்குறைந்த சம்பளச் சட்டம் ஆண், பெண், சிறுவர் என மூவகையினர்க்கும் கூலியை விதித்தது. மலைநாட்டுத் தோட்டங்களுக்கு முதன்முதல் நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவர்க்கு 32 சதம். இரு பிள்ளைகளின் கூலி ஒரு தந்தையின் கூலியை விஞ்சியது என்பது இவ்வெண்களாற் புலனாகும். பத்து வயதிற் பள்ளிக் கதவை மூடிய சட்டமும், சிறுவர் கூலிக்குக் கணக்கு வகுத்த சட்டமும் சேர்ந்தே பிள்ளையை மலைக்கு அனுப்பின.

தோட்டப் பெற்றோர் கல்வியில் அக்கறையற்றோர் என்னும் குற்றச்சாட்டு நெடுங்காலமாகக் கூறப்பட்டு வந்துள்ளது. இதனை ஒப்புநோக்கி ஆராய்தல் தகும். இங்கிலாந்தின் பருத்தி ஆலைகளில் அரைநாட் பள்ளியும் அரைநாள் வேலையுமாகச் சிறுவரை வைத்திருந்த முறை, 1918 ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தினாலேயே முடிவுக்கு வந்தது. அதனை ஒழிக்க முயன்றபோது எதிர்த்தவர்கள் ஆலை முதலாளிகள் மட்டுமல்லர். லங்காஷயர்த் தொழிலாளப் பெற்றோருட் பலரும் எதிர்த்தனர். குடும்பத்தின் உணவிற் பிள்ளையின் கூலிக்கும் பங்கிருக்கும்போது எந்நாட்டுப் பெற்றோரும் அவ்வாறே நடப்பர். ஆகவே அது ஓர் இனத்தின் இயல்பன்று, வறுமையின் கணக்கேயாகும்.

அன்றியும், பள்ளியில் நிலைத்திருந்தாற் கிடைக்கக்கூடியது யாது? ஓராசிரியர், ஒரு கொட்டகை, ஐந்து வகுப்புகள் என்ற அளவிலேயே பல தோட்டப் பள்ளிகள் நின்றன. அதற்குமேற் படிக்கப் பதுளைக்கோ பசறைக்கோ பண்டாரவளைக்கோ செல்லல் வேண்டும். மடுல்சீமை, லுணுகலை, நமுனுகுலைப் பகுதிகளின் மலைத்தோட்டங்களிலிருந்து நாடோறும் நகருக்குச் சென்று வருதல் எளிதன்று. 1945 இல் இலவசக் கல்வி வந்தது. 1947 இற் பதுளைத் தொகுதியின் இரு உறுப்பினருள் ஒருவராக இலங்கை இந்திய காங்கிரசின் எஸ். எம். சுப்பையா தெரிவானார். ஆயின் 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. வாக்குரிமையும் தொடர்ந்து பறிபோயிற்று. 1960, 1961 ஆம் ஆண்டுகளில் உதவிபெறும் பள்ளிகளை அரசு பொறுப்பேற்றபோது தோட்டப் பள்ளிகள் விடுபட்டன. 1964 ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பின், எந்நாட்டிற் பிள்ளை வளரப்போகின்றது என்பதே பல குடும்பங்களுக்குத் தெரியாதிருந்தது. குடியுரிமை இல்லாதார்க்கு அரசாங்க உத்தியோகம் இல்லை. கல்வியின் பயனைச் சட்டமே மறுத்த சூழலிற் பெற்றோர் செக்ரோலை நாடியதிற் வியப்பில்லை. பேர் பதிந்தவர் ஒருவரேனும் இருந்தாலன்றி லயக்காம்பராவும் நிலையாது என்னும் அச்சமும் உடன் இருந்தது.

இக்கூற்றை மறுப்போரும் உளர். பள்ளியில் இருந்து தேர்விற் தோற்றவர் கையிற் சான்றிதழும் இல்லை, தொழிலும் இல்லை. பேர் பதிந்தவர்க்கோ சம்பளமும் சேமலாப நிதியும் உண்டு என்பது அவர்தம் வாதம். இதில் உண்மை இல்லாமலில்லை. 1973, 1974 ஆம் ஆண்டுகளின் உணவுப் பஞ்சத்திற் தோட்டங்களிற் பட்டினிச் சாவுகள் நேர்ந்தபோது, பள்ளியிற் காத்திரு என்று கூறுதல் எவர்க்கும் இயலாததாயிற்று. எனினும் இவ்வாதம் காட்டுவது பள்ளியின் குறைபாட்டையேயன்றிக் கல்வியின் பயனின்மையை அன்று.

பின்வந்த மாற்றங்கள் இதனை உறுதிப்படுத்துகின்றன. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தாற் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1977 முதற் தோட்டப் பள்ளிகள் படிப்படியாக அரசின் பொறுப்பில் வந்தன. எண்பதுகளில் மலையக இளைஞர் ஆசிரியர்களாக நியமனம் பெற்றனர். சுவீடனின் உதவியுடன் பள்ளிகள் விருத்தி செய்யப்பட்டன. 1988, 2003 ஆம் ஆண்டுச் சட்டங்கள் நாடற்றோர் பிரச்சினையைத் தீர்க்க முற்பட்டன. லயத்திற் பிறந்த ஒருவர் ஆசிரியராக அதே தோட்டத்துப் பள்ளிக்குத் திரும்பியபோது, படிப்புக்குப் பயனுண்டு என்பதற்கு வேறு சான்று வேண்டியிருக்கவில்லை.

கட்டாயக் கல்வியின் எல்லை 2016 இற் பதினாறு வயதாக உயர்ந்தது. வேலைக்கமர்த்தும் ஆகக்குறைந்த வயதும் 2021 இற் பதினாறாயிற்று. ஆயினும் சட்டம் மட்டும் போதாது. பதினாறைத் தாண்டிய ஊவா இளைஞரை இன்று இழுப்பது செக்ரோல் அன்று. கொழும்பின் கடைகளும் ஆடைத் தொழிற்சாலைகளுமே. 2022 ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடி அவ்விழுப்பை மேலும் வலுப்படுத்தியது.

அமெரிக்க விளையாட்டு வீரர் தொழிலை ஏற்றபின்னும் பல்கலைக்கழகத்துக்கு மீளலாம். ஐந்தாம் வகுப்போடு நின்ற தோட்டப் பிள்ளைக்கு அவ்வாறு மீளும் வழி இருக்கவில்லை. எனவே பள்ளியிற் தங்குக என்று அறிவுரை கூறுதல் எளிது. தங்குதற்கு ஏதுவாக்குதலே அரிது. பெற்றோரின் சம்பளம் பிள்ளையின் கூலியை வேண்டாத அளவு உயர்தல், எட்டும் தொலைவில் உயர்வகுப்புகள் அமைதல், கற்றார்க்குத் தொழில் கிட்டுதல் ஆகிய மூன்றும் ஒருங்கே நிகழும்போதுதான் அது உண்மையான தெரிவாகும். அதுவரை நிகழ்வதைத் தெரிவு என்று கூறி, அதன் பொறுப்பைப் பெற்றோர் மீது சுமத்துதல் வரலாற்றுக்குப் பொருந்தாது.