அவை உணராச் சொல்லும் அமெரிக்கப் பள்ளிச் சொற்போரும்

அமெரிக்க நாட்டு உயர்நிலைப் பள்ளி மாணாக்கர் போட்டியாக நிகழ்த்தும் சொற்போரின் வரலாறு, அளவை நூல் பயின்ற அன்பர்களால் ஆராயற்பாலது.

விஸ்கான்சின் மாநிலத்து ரிப்பன் கல்லூரிப் பேராசிரியர் புரூனோ ஜேக்கப் என்பார் 1925-இல் இதற்கென நாடளாவிய சங்கமொன்றை நிறுவினார். முதல் தேசியப் போட்டி 1931-இல் அவ்வூரிலேயே நடந்தது. கொள்கைச் சொற்போர் எனப்படும் பழைய முறையில் கட்சிக்கு இருவர். ஆண்டு முழுமைக்கும் பொருள் ஒன்றே. உடன்படுங் கட்சியார், இன்ன தீங்கு உளது, நடப்பு முறையால் அது நீங்காது, யாம் கூறும் வழியால் நீங்கும் என மூன்றையும் நிறுவுதல் வேண்டும். மறுப்பார்க்கு அவற்றுள் ஒன்றை வீழ்த்தினும் போதும் என்பது நெடுநாள் வழக்கு.

மறுமொழி பெறாத வாதம் உடன்பட்டதாகவே கொள்ளப்படும் என்பது அவர்தம் விதி. இவ்விதியினின்றே ஒரு சூழ்ச்சி பிறந்தது. 8 நிமிட முதலுரையுள் இயன்ற அளவு வாதங்களைத் திணித்தால், எதிரி ஒன்றையேனும் விடுவான். விட்டதே அவன் தோல்வியாம். ஆகவே நிமிடத்துக்கு 300 சொற்களின் மேலும் ஓதப் பழகினர். பழகாத செவிக்கு அஃது ஓர் இரைச்சலே.

கௌதமர் நியாய சூத்திரத்துட் கூறிய 22 தோல்வித்தானங்களுள் இரண்டு ஈண்டு நோக்கற்குரியன. வாதி மும்முறை மொழிந்து அவையோரும் உணர்ந்த ஒன்றை எதிரி எடுத்து மொழியாதொழியின் அவனுக்குத் தோல்வி, இஃது அநநுபாஷணம். மும்முறை மொழிந்தும் அவையும் எதிரியும் உணராராயின் மொழிந்த வாதிக்கே தோல்வி, இஃது அவிஞ்ஞாதார்த்தம். உணராமைக்குக் காரணங் கூறப்புகுந்த உரையாசிரியர் வாற்சாயனர், சிலேடைச் சொல், வழக்கில்லாச் சொல் என்பவற்றோடு மிக விரைந்த உச்சரிப்பையும் எடுத்தோதி, தன் மாட்டாமையை மறைத்தற்கே அவை ஆளப்படும் என்றார். மௌனம் தோல்வி என்பதை அமெரிக்கர் கொண்டனர். அவை உணர்ந்திருத்தல் வேண்டும் என்னும் வரம்பை விட்டனர். வந்த கேடெல்லாம் அவ்வொன்றால் வந்ததே.

அம்மாணாக்கர் ஒரு பொருள் பற்றி ஓராண்டு நூல்களைத் துருவிச் சான்று திரட்டும் உழைப்பை யாம் இகழ்ந்திலேம். நம் மாணாக்கர் பலர்க்கு அது வாய்ப்பதன்று. 1990-களில் எதிரியின் அடிப்படைக் கோட்பாட்டையே தாக்கும் முறையொன்று எழுந்தது. அதனை விதண்டை எனல் எளிது. ஆயின் தாம் ஒரு மாற்று நெறி நாட்டித் தாக்குவாரை அங்ஙனங் கூறல் பொருந்தாது.

விரைவுக்கு மாற்றாக, 1858-இல் லிங்கனும் டக்ளசும் நிகழ்த்திய வாதங்களின் பெயரால், அறப்பொருள் பற்றிய ஒருவர்க்கொருவர் வாதம் 1980-இல் தேசியப் போட்டியில் இடம்பெற்றது. பெரும்போட்டிகளில் அதனையும் விரைவு பற்றிக்கொண்டது. பொதுமக்களும் நடுவராய் அமர்ந்து கேட்டுணரத்தக்க பொதுமன்ற வாதம் 2002-இல் தோன்றியது. வாற்சாயனர் கூறிய வரம்பு பெயரின்றி ஆண்டு மீண்டது போலும்!

இக்காலத்து விரைந்தோதுவார், தம் சான்றுகளை எதிரிக்கும் நடுவர்க்கும் மின்னஞ்சலால் முன்னரே அனுப்பிவிடுகின்றனர். செவி உணராததைக் கண் படித்துணர்ந்ததாயின், அவிஞ்ஞாதார்த்தம் நீங்குமோ எனின், நீங்காது என்பதே எம் துணிபு. நடுவர் ஒருவர் அவையாகார். பின்வரிசையிலிருந்து கேட்கும் பெற்றோர்க்கு அம்மின்னஞ்சல் செல்வதில்லை.